கைதட்டலுக்கு என்ன விலை?

1944-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள். நியூயார்க் நகரத்துக் கார்னகி மண்டபம். "அந்த மேடையிலே ஒரே ஒரு முறை நின்று பாடிவிட்டால் போதும், பட்ட பாடெல்லாம் பறந்துபோகும்" என்று இசைவாணர்கள் ஏங்கிக் கிடக்கும் அரங்கம். இருக்கைகள் அத்தனையும் பல நாட்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. இடமின்றித் திரும்பியவர் தொகையே 2,000 என்பர். திரை விலகுகிறது. பட்டும் பகட்டும் மின்ன, 76 வயது அம்மையார் ஒருவர் வந்து நிற்கிறார், வாய் திறக்கிறார், பாடுகிறார். சுருதி ஒரு பக்கம் போகிறது, அம்மையார் மறு பக்கம் போகிறார், தாளம் இருவரையும் தேடி அலைகிறது! மண்டபம் சிரிக்கிறது. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. சிரிப்பொலியை மறைக்கக் கைதட்டலும் சீழ்க்கையும் எழும்ப, அம்மையார் மகிழ்ந்து, மலர்ந்து, மறுபடியும் பாடுகிறார்.

புளோரன்ஸ் பாஸ்டர் ஜென்கின்ஸ் என்பது அம்மையாரின் பெயர். கட்டுக்கதையிலே வருபவரல்லர், 1868-லே பிறந்து 1944-லே மறைந்த மெய்யான மாது. அவருடைய இறுதி ஆண்டை எடுத்துக்கொண்டு, அவர் பெயரையே படத்துக்கும் சூட்டி, 2016-லே வெளியிட்டார் ஆங்கில நாட்டு இயக்குநர் ஸ்டீவன் பிரியர்ஸ். அம்மையாராக மெரில் ஸ்ட்ரீப், அவருடைய துணைவர் பேபீல்டாக ஹியூ கிராண்ட், பியானோ வாசிக்கும் இளைஞர் மக்மூனாக சைமன் ஹெல்பர்க். பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வெளியே வந்து "ஆகா, என்ன உள்ளம்! என்ன ஆர்வம்!" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைத்தான் நாம் கொஞ்சம் நிறுத்திவைத்து ஆராயவேண்டியிருக்கிறது.

அம்மையாரை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. நகையாடுவது எளிது, அதை அவர் காலத்துச் சீமான்களே தேவைக்கு மேல் செய்து முடித்துவிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்திலே வில்க்ஸ்-பேர் என்ற ஊரிலே, செல்வச் செழிப்புமிக்க வழக்கறிஞரின் மகளாகப் பிறந்தவர் அவர். சிறுமியாக இருக்கும்போதே பியானோ வாசித்துப் பாராட்டுப் பெற்றவர். "வெளிநாடு சென்று முறையாக இசை பயில வேண்டும்" என்று கேட்டார். "பெண்ணுக்கு எதற்கு?" என்ற நினைப்பு போலும், தந்தை பணம் தர மறுத்தார். மகள் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு மருத்துவரை மணந்துகொண்டாள். அந்தக் கணவன் தந்த சீதனம் மேகநோய்! பெனிசிலின் பிறவாத காலம். பாதரசமும் ஆர்செனிக்கும்தான் மருந்து. நோய் பாதி உடலைத் தின்றால் மருந்து மீதியைத் தின்னும். அவனைவிட்டுப் பிரிந்து, பிலடெல்பியா நகரிலே பியானோ கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்தார். கையும் பழுதாயிற்று, பியானோவும் போயிற்று. 1909-லே தந்தை மாண்டார், சொத்து வந்தது. 1912-லே முதல் இசை நிகழ்ச்சி. வயது அப்போது 44!

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். கற்க வேண்டிய வயதிலே "கூடாது" என்ற தடை. கற்கும் வயது கடந்தபின் அள்ள அள்ளக் குறையாத பணம். ஆணாகப் பிறந்திருந்தால் 17 வயதிலே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியிருப்பார். நல்ல பியானோ கலைஞராகக்கூட ஆகியிருப்பார். ஒரு பெண்ணின் வாழ்விலே இழைக்கப்பட்ட இந்தக் கொடுமைதான் கதையின் வேர். பிரியர்ஸ் இந்த வேரை எத்தனை நேரம் காட்டுகிறார்? பேச்சோடு பேச்சாக இரண்டொரு வாக்கியம். நோயாளியைக் காணும் மருத்துவரின் முகச்சுளிப்பு. பொய்முடி கழன்ற தலை ஒன்று, கண நேரம். அவ்வளவுதான்! குளியல் தொட்டி நிறைய உருளைக்கிழங்குக் கறியைக் கொட்டிவைத்து விருந்தினருக்கு வழங்கும் வேடிக்கைக்கு ஒதுக்கிய நேரம்கூட இதற்கு ஒதுக்கவில்லை. படத்தின் முதற்குறை இது. பெருங்குறை இன்னொன்று.

1917-லே அம்மையார் வெர்டி மன்றம் என்றொரு மன்றம் நிறுவினார். இத்தாலிய இசைமேதையின் பெயரைத் தாங்கிய மன்றம். சீமாட்டிகள் கூடிச் சிற்றுண்டி அருந்தி, கலைக்குத் தொண்டாற்றியதாக எண்ணிக்கொண்டு கலையும் மன்றம். அங்கே அம்மையார் பாடுவார். ஆண்டுக்கொருமுறை ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியின் நடன மண்டபத்திலும் பாடுவார். நுழைவுச் சீட்டு யாருக்கு? அம்மையாரே பார்த்து, பேசி, "இவர் நம்மவர்" என்று தெளிந்தபின் தம் கையாலேயே விற்பார். முன்பின் அறியாதவர் உள்ளே வர முடியாது. மன்றமும் அவருடையது, மேடையும் அவருடையது, செவிகளும் அவர் பொறுக்கி எடுத்தவை. இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் தங்கு தடையின்றி நடந்தது.

படம் இந்த ஏற்பாட்டை நன்றாகவே காட்டுகிறது. இதிலே பிரியர்சுக்குப் பாராட்டு உரித்து. தேவதை வேடம் பூண்டு கம்பியிலே தொங்கியபடி அம்மையார் மேடைக்கு இறங்கும் காட்சியுடன் படம் தொடங்குகிறது. மேலே கயிற்றை இழுப்பவர்கள் வியர்த்து விறுவிறுத்துப்போகிறார்கள். கீழே இருப்பவர்களுக்குத் தெரிவது தேவதையும் சிறகும்! இசையாசிரியர் ஒருவர் வருகிறார், பெரிய ஓபரா அரங்கத்தைச் சேர்ந்தவர். "நிகழ்ச்சிக்கு நான் ஆயத்தமாகிவிட்டேனா?" என்று அம்மையார் கேட்கிறார். இதற்குமேல் ஆயத்தமாவதற்கு வழியில்லை என்ற பொருள்பட விடை வருகிறது. பொய்யா அது? இல்லை. மெய்யா? அதுவும் இல்லை! பணத்தைப் பெற்றுக்கொள்கிறார், நிகழ்ச்சி நாளிலே ஊரில் இருக்கமாட்டேன் என்று நழுவுகிறார். டாஸ்கனினியே வருகிறார், இசைநிகழ்ச்சிக்கு நன்கொடை நாடி; இசைவேந்தன் சீமாட்டியின் முன் இன்முகம் காட்டி நிற்கிறான். பத்திரிகையாளர்களோ, துணைவர் பேபீல்டு நீட்டும் உறையைச் சட்டைப்பையிலே செருகிக்கொண்டு, மறுநாள் மங்கலச் சொற்களாக எழுதித் தள்ளுகிறார்கள். நாம் சிரிக்கிறோம். இவர்கள் ஒவ்வொருவரும் இசை அறிந்தவர்கள். அம்மையாருக்குப் பாட வராது என்பதை அறிந்தவர்கள். அறிந்ததை விற்றுத் தின்றவர்கள். அறியாதவர் அம்மையார் ஒருவர் மட்டுமே.

இந்தக் கூட்டத்துக்குள்ளே வழிதவறி வந்துவிடுகிறாள் ஒருத்தி, ஆக்னஸ். பணக்காரக் கிழவன் ஒருவன் புதிதாக மணந்துகொண்டு வந்த ஒய்யாரி. ரிட்ஸ் மண்டபத்திலே அம்மையாரின் பாட்டைக் கேட்டதும் அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தரையிலே தவழ்ந்தபடி வெளியேற்றப்படுகிறாள். மன்றத்தின் ஒழுங்கு அவளுக்குத் தெரியாது, மேல்தட்டு நாகரிகம் பழகவில்லை. ஆகவே காது கேட்டதை முகம் காட்டிவிட்டது. படத்திலே எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. அத்தனை வைரமாலைகளுக்கும் நடுவே ஓர் உண்மை தரையிலே உருண்டு சிரிக்கிறது!

ஆனால் பாருங்கள், இதே ஆக்னசை இயக்குநர் பிறகு என்ன செய்கிறார் என்று. கார்னகி மண்டபத்திலே போர்வீரர்கள் நிறைந்திருக்கிறார்கள். அம்மையாரே இலவசச் சீட்டு வழங்கி அழைத்தவர்கள். போர்முனையைக் கண்டு திரும்பியவர்கள், சாவின் வாயிலே எட்டிப் பார்த்தவர்கள். அவர்களுக்கு உறை கொடுத்தவர் எவருமில்லை; சிரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். அப்போது எழுந்து நிற்கிறாள் ஆக்னஸ். "சிரிக்காதீர்கள், கைதட்டுங்கள்!" என்று அதட்டுகிறாள். வீரர்கள் அடங்கிக் கைதட்டுகிறார்கள். இசை முழங்குகிறது, நாமும் உருகுகிறோம். உருகவேண்டும் என்பதே ஏற்பாடு. உண்மையைச் சொல்லிச் சிரித்தவளையே பொய்க்குக் காவலாளியாக்கி, அதற்கு "மனம் திருந்தினாள்" என்று பெயரும் சூட்டியாகிவிட்டது!

அடுத்து நியூயார்க் போஸ்ட் ஏட்டின் ஏர்ல் வில்சன். படத்திலே உறையை வாங்க மறுக்கும் ஒரே எழுத்தாளன். மிரட்டலுக்கும் மசியவில்லை. கேட்டதைக் கேட்டவாறு எழுதுகிறான். இவனை எப்படிக் காட்டுகிறார்கள்? கடுகடுத்த முகம், இரக்கமற்ற நெஞ்சம், ஒரு கிழவியைக் கொல்லத் துணிந்த கொடியவன் என்றல்லவா! பேபீல்டு அதிகாலையிலே தெருத்தெருவாக ஓடி அந்த ஏட்டின் படிகளையெல்லாம் வாங்கிக் குப்பைத்தொட்டியிலே போடுகிறார். அது அன்பின் சிகரமாம். அம்மையார் குப்பையிலிருந்து ஒரு படியை எடுத்துப் படிக்கிறார், சாய்கிறார். மெய்யான வாழ்விலே நடந்தது, நிகழ்ச்சி முடிந்து ஐந்து நாட்களுக்குப் பின் ஓர் இசைக்கடையிலே மாரடைப்பு, நவம்பர் 26-லே மரணம். 76 வயது, அரை நூற்றாண்டுக்கு மேல் தின்ற நோய், அதனினும் கொடிய மருந்து. இவ்வளவையும் விட்டுவிட்டு, கொலைப்பழியைத் திறனாய்வாளன் தலையிலே சுமத்துகிறது கதை.

"ஒரு கிழவி மகிழ்ச்சியாகப் பாடிவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன நட்டம்?" என்று கேட்கலாம். நண்பர் ஒருவர் கேட்டார். வீட்டிலே பாடினால் எனக்கு நட்டமில்லை, நட்டம் அண்டைவீட்டாருக்கு! கூடத்திலே, தோட்டத்திலே, வயலிலே யாரும் பாடலாம். குரல் இனிதாக இருந்தால்தான் வாய் திறக்கலாம் என்று சட்டமா என்ன? பாடும் இன்பம் எல்லார்க்கும் பொது. ஆனால் இங்கே பேச்சு பாடும் இன்பத்தைப் பற்றியதன்று, மேடையைப் பற்றியது. எந்த வாயிலிலே "திறமை உள்ளோர் மட்டும்" என்று பலகை தொங்குகிறதோ, அந்த வாயிலை எந்தச் சாவி திறந்தது என்பதைப் பற்றியது. மேடை ஏறமுடியாமல் வெளியே நின்றவர்கள் யார் என்று கேட்டால்தான் நட்டம் யாருக்கு என்பது விளங்கும்.

அம்மையார் பியானோ கற்றுக்கொடுத்துப் பிழைத்தாரே, அதே பிலடெல்பியா நகரிலே, 1897-லே பிறந்தவர் மரியன் ஆண்டர்சன். நீக்ரோ என்று அந்நாளிலே அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் குடும்பம். குரலோ, கேட்டவரைக் கிறங்கவைக்கும் குரல். அங்கிருந்த ஓர் இசைப்பள்ளிக்குச் சென்றார், பயிலவேண்டும் என்று. குரலைக் கேட்கவே இல்லை. தோலைப் பார்த்தார்கள், கதவைச் சாத்தினார்கள். அவருடைய திருச்சபையைச் சேர்ந்த ஏழை எளியோர் காசு காசாகச் சேர்த்துக் கொடுத்துத்தான் ஆசிரியரிடம் பயின்றார். 1935-லே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலே அவர் பாடக் கேட்ட டாஸ்கனினி, நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இத்தகைய குரல் கேட்கக் கிடைக்கும் என்று வியந்தார். ஆம், நன்கொடை நாடிச் சீமாட்டி வீட்டுக்கு வருவதாகப் படத்திலே காட்டப்படும் அதே டாஸ்கனினி!

நூறு ஆண்டுக்கொரு குரலுக்கு நாட்டிலே கிடைத்த வரவேற்பு என்ன? 1939-லே தலைநகர் வாஷிங்டனிலே அரசியலமைப்பு மண்டபத்திலே பாட இடம் கேட்டனர். மண்டபத்துக்கு உரிமை பூண்டவர்கள் "அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்" என்ற சங்கத்தார். என்ன பெயர், எத்துணைப் பொருத்தம்! புரட்சியின் புதல்வியர், கறுப்பு மாதுக்கு இடமில்லை என்றனர். குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்தைவிட்டே விலகினார். ஏப்ரல் 9-ஆம் நாள், லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டுகளிலே, திறந்த வானத்தின் கீழ் ஆண்டர்சன் பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டனர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கமோ 1955 ஜனவரி 7 வரை தன் ஓபராக்களிலே கறுப்பினப் பாடகர் எவருக்கும் முதன்மைப் பாகம் தரவில்லை. அன்றுதான் ஆண்டர்சன் அங்கே பாடினார், வெர்டி இயற்றிய ஓபராவிலே. வயது 57. குரல் உச்சத்திலே இருந்த ஆண்டுகளெல்லாம் கதவுக்கு வெளியே கழிந்துவிட்டன. வெர்டியின் பெயரால் மன்றம் அமைத்து, குரலே இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் கொலுவிருந்தார் ஒருவர். வெர்டியின் பாட்டைப் பாட, குரலை வைத்துக்கொண்டு 57 வயது வரை காத்திருந்தார் மற்றொருவர்.

கார்னகி மண்டபம் ஆண்டர்சனுக்கு அடைக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்; 1928-லேயே அவர் அங்கே பாடியிருக்கிறார். சாத்திய கதவுகள் வேறு. அதனால் கணக்கு மாறிவிடாது.

படத்திலே ஒரு பாட்டு இருமுறை வருகிறது. லில்லி பான்ஸ் என்ற பெரும்பாடகி பாட அம்மையார் கண்கலங்கிக் கேட்பது ஒருமுறை. தாமும் அதைப் பாடிப் பாழாக்குவது மறுமுறை. மணிப்பாட்டு என்பார்கள் அதை. பிரெஞ்சு இசையாசிரியர் டெலிப் 1883-லே பாரிசிலே அரங்கேற்றிய 'லக்மே' என்னும் ஓபராவிலே உள்ளது. கதை நடக்கும் இடம் எது தெரியுமா? இந்தியா! நீலகண்டன் என்ற பார்ப்பனப் பூசாரி, தன் மகள் லக்மேயைச் சந்தையிலே நிறுத்திப் பாடச் சொல்கிறான், அவளை நாடும் வெள்ளைக்காரனை வலையிலே சிக்கவைக்க. அவள் பாடும் பாட்டின் பொருள், பறையர் மகள் ஒருத்தி காட்டிலே விலங்குகளிடமிருந்து ஓர் அயலானை மணியோசை எழுப்பிக் காப்பாற்றுகிறாள்; அவன் விஷ்ணுவாம்; அவளை வானுலகுக்கு அழைத்துச் சென்றானாம். பூசாரி மகள் வாயாலே பறையர் மகளுக்கு வானுலகம்! மண்ணுலகிலே அக்கிரகாரத் தெருவிலே நடக்க விட்டார்களா என்று அந்தப் பாரிசுக் கவிஞர்களைக் கேட்பார் இல்லை.

'பறையர்' என்ற நம் தமிழ்ச் சொல்தான் போர்ச்சுகீசியர் வாய்வழி ஐரோப்பா சென்று 'பாரியா' ஆயிற்று. ஒதுக்கப்பட்டவன், தள்ளப்பட்டவன் என்று பொருளும் பெற்றது. பறை என்பது இசைக்கருவி. இசைக்கருவியின் பெயரைத் தாங்கிய மக்கள், இசை முழக்கியவர்கள், அவர்கள் பெயரே உலக மொழிகளிலே "உள்ளே வராதே" என்பதற்கு மறுபெயராகிவிட்டது. அந்த மகளின் கதையை வைரமாலை அணிந்த சீமாட்டி, அழைப்பிதழ் உள்ளோர் மட்டும் நுழையும் மண்டபத்திலே, தப்பும் தவறுமாகப் பாட, உள்ளே இருந்தோர் கைதட்டினார்கள்! பிரியர்ஸ் இதை எண்ணிப் பாட்டைத் தேர்ந்ததாகத் தெரியவில்லை. அம்மையார் மெய்யாகவே பாடி இசைத்தட்டிலும் பதித்த பாட்டு என்பதால் சேர்த்திருக்கிறார்.

நம் நாட்டிலே இடஒதுக்கீடு என்றதும் "ஐயோ, தகுதி போச்சே, திறமை போச்சே" என்று பதறும் பெருமக்கள் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள், பார்த்து மகிழ்ந்துமிருப்பார்கள். 1951-லே வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்திலே வீழ்த்தப்பட்டு, அரசியல் சட்டத்தையே திருத்தி உரிமையை மீட்கவேண்டி வந்தபோதும் இதே பதற்றம்தான். படத்தின் நடுவிலே ஒரு கணம் நிறுத்தி அவர்களைக் கேட்கலாம். ஆசிரியர் இருக்கிறார், மன்றம் இருக்கிறது, ஏட்டிலே பாராட்டுரை இருக்கிறது, மண்டபம் நிரம்பியிருக்கிறது. தகுதிக்கு நீங்கள் கேட்கும் சான்றுகளிலே அம்மையாரிடம் இல்லாதது எது? பாட்டு ஒன்றுதானே!

நடிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் முறையாகாது. கெடுத்துப் பாடுவது எளிதென்று நினைப்போர் முயன்று பார்க்கட்டும். மெரில் ஸ்ட்ரீப் பாட்டுக்களை முறைப்படி பயின்றபின்பே கெடுத்திருக்கிறார். சுரத்தைத் தொடுவதுபோலப் போய், கடைசி நொடியிலே வழுக்கிவிடுகிறது குரல். வழுக்கியது தெரியாத பூரிப்பு முகத்திலே. ஆஸ்கார் பரிசுக்கு 20-ஆம் முறையாக அவர் பெயர் முன்மொழியப்பட்டது இந்தப் படத்துக்காக. என்றாலும் என் கண்ணுக்கு ஹியூ கிராண்ட் ஒரு படி மேல். அம்மையாரின் பணத்திலே உண்டு, அம்மையாரின் பணத்திலே வேறொருத்தியோடு தனிவீட்டிலே வாழ்ந்து, ஆனாலும் இரவுதோறும் அம்மையார் உறங்கும்வரை அருகிருந்து கவிதை சொல்லும் மனிதன். அன்பா, பிழைப்பா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப்போய் எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை என்பதை ஒரு புன்னகையிலே காட்டிவிடுகிறார்.

இறுதியிலே, என்னால் பாட இயலாது என்று சொல்வோர் சொல்லட்டும், நான் பாடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது என்ற பொருள்படப் பேசிவிட்டுக் கண் மூடுகிறார் அம்மையார். அவர் நினைவிலே மட்டும் குரல் தேனாக ஒலிக்கிறது. சாகும்போதுகூடப் படம் அவருக்கு உண்மையைக் கொடுக்கவில்லை!

இதே அம்மையாரின் வாழ்வைத் தழுவி, ஓர் ஆண்டு முன்னதாக, 2015-லே பிரெஞ்சு மொழியிலே ஒரு படம் வந்தது. 'மார்கரீத்' என்று பெயர். சேவியர் ஜியானோலி இயக்கியது. 1920-களின் பிரான்சிலே நடப்பதாகக் கதை. காத்ரின் பிரோ நடிப்பு. அங்கே சுற்றியிருப்போரின் பொய்யை அன்பென்று பூசி மெழுகவில்லை. கணவன், வேலையாள், கூலிக்கு வந்த ஆசிரியன், வேடிக்கைக்கு வந்த இளைஞர்கள் என ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நின்று நிதானித்துக் காட்டுகிறார் இயக்குநர். கடைசியிலே மருத்துவமனையிலே அவளுடைய குரலைப் பதிவு செய்து அவள் காதிலேயே ஒலிக்கவிடுகிறார்கள். கேட்கிறாள், வீழ்கிறாள். கொடுமைதான். ஆனால் அந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பாளி யார் என்று ஜியானோலி தேடும்போது குப்பைத்தொட்டியிலே கிடக்கும் செய்தித்தாளைக் காட்டவில்லை, கைதட்டியவர்களைக் காட்டுகிறார். இரண்டிலே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், தோழர்களே, மார்கரீத்தைப் பாருங்கள்.